அத்தைக்கு யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தோம்

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். போன வாரம் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்து, ஊசியில் நூல் கோர்க்கக் கால் மணி நேரம் போராடித் தோற்றேன். அப்போதுதான் பின்போர்ஷன் அத்தை ஞாபகம் வந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு அத்தை இருந்திருப்பாள். ரத்த சம்பந்தம் ஒன்றும் இருக்காது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போடுகிற இடம் அவள் வீடாகத்தான் இருக்கும்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு காம்பவுண்டு. ஐந்து போர்ஷன், ஒரு அடிபம்பு, மழை பெய்தால் கணுக்கால் வரை தண்ணீர். முன்னால் பாட்டுச் சொல்லித் தரும் மாமி. அடுத்தது நாங்கள். எங்களை அடுத்து, தெற்கேயிருந்து வந்து தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருந்த அண்ணாச்சி குடும்பம். அதற்கடுத்து ஆட்டோ ஓட்டுகிற மாமா. கடைசியில், காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டிய ஒற்றை அறையில் அத்தை. அவள் வீட்டுக்காரர் ஏதோ ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல்காரராக இருந்து, நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். பிள்ளைகள் இல்லை. அவள் எங்கள் அப்பாவைத் தம்பி என்று கூப்பிட்டாள். அதனால் எனக்கு அத்தை. அந்தக் கணக்கு அவ்வளவுதான்.

அவள் பிழைப்பு, புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது. தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூட்டை சைக்கிளில் வந்து இறங்கும். மூட்டையைப் பிரித்ததும் எழும் அந்தப் புதுப்புடவைக் கஞ்சி வாசனை இருக்கிறதே, எங்கள் வீட்டில் தீபாவளிக்கு மட்டும் வருகிற வாசனை, அவள் அறையில் வருஷம் பூராவும் இருந்தது. பிஸ்கட் டப்பா நிறைய நூல்கண்டு. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு, மயில்கழுத்து, வெங்காயக் கலர். எந்தப் புடவைக்கு எந்த நூல் என்று எடுத்துக் கொடுப்பதும், இருபது ஊசியில் நூல் கோர்த்துத் தலையணையில் வரிசையாகக் குத்தி வைப்பதும் என் வேலை. எனக்குப் பதினொரு வயது. பெரிய உத்தியோகம் பார்ப்பதாக நினைப்பு.

அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது எனக்குத்தான் முதலில் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு நாள், பச்சைப் புடவைக்கு நீல ஃபால்ஸை வைத்துத் தைத்துவிட்டாள். ஒன்றல்ல, மூன்று புடவை. கடைக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் மூட்டையே வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. நாலு வீட்டில் ஒரு வீட்டில் மீந்தால்கூடப் போதும். வாடகைதான் உதைத்தது. நாங்கள் நாலு வீடுமே மாசக் கடைசியில் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிற ஜாதி. அத்தை ஒரு நாள் அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னாள். "ராஜா அண்ணாமலைபுரத்துல ஒரு பங்களாவுல கூடவே தங்கி வேலை செய்ய ஆள் கேக்கறாங்களாம். படுக்க இடம் குடுப்பாங்களாம். அங்கயே போயிடலாம்னு பாக்கறேன்." நான் ராத்திரி சாப்பிடவில்லை.

அப்பாதான் அந்த யோசனையைக் கொண்டுவந்தார். ஆதரவற்ற விதவைகளுக்கு அரசாங்கத்தில் மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்களே, அதற்கு மனுப் போட்டால் என்ன? வாடகைக்குச் சரியாகப் போகும். அத்தை எங்கேயும் போக வேண்டியதில்லை. அன்றைக்கே மனு எழுதினார். அப்பாவுக்கு அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத்தான் எழுதுவார். அத்தை கீழே கோணல்மாணலாகத் தன் பெயரைப் போட்டாள்.

ஒரு மாதம் கழித்துத் தகவல் வந்தது. புதன்கிழமை பத்து மணிக்கு ஆபீசர் நேரில் விசாரிக்க வருகிறார்.

இனிமேல் நடந்ததை நீங்கள் நம்பினால் நம்புங்கள். ஒரு வீட்டுக்கு வெளி ஆள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வது என்றால், எங்கள் காம்பவுண்டுக்குத் தெரிந்த ஒரே விஷயம் பெண் பார்க்க வருவதுதான். அந்த முறைப்படியே எல்லாம் நடந்தது. செவ்வாய்க்கிழமையே அத்தையின் அறைக்கு வெள்ளை அடித்தார்கள். மாமி தன் வீட்டு இரண்டு பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் டேபிள் ஃபேனை வைத்தார்கள். அத்தை அறையில் பிளக் கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து முற்றம் தாண்டி ஒயர் இழுத்தார் அப்பா. அண்ணாச்சி வீட்டு அம்மா முந்திரி போட்டுக் கேசரி கிளறினாள். "ஆபீசருக்கு எவர்சில்வர்லயா காப்பி குடுக்கறது? நன்னாவா இருக்கும்?" என்று மாமி வெள்ளி டம்ளரை எடுத்துவந்தாள். எல்லாவற்றுக்கும் மேல் என் அம்மா. தன் கழுத்தில் இருந்த ஒரே ஒரு மெல்லிய சங்கிலியைக் கழற்றி அத்தைக்குப் போட்டுவிட்டாள்.

"எனக்கெதுக்கும்மா இது?" என்றாள் அத்தை.

"சும்மா இருங்க அக்கா. பெரிய மனுசன் முன்னாடி வெறுங்கழுத்தோட நிக்கறதா?"

ஆட்டோ மாமா எல்லோரையும் மிஞ்சினார். காலையிலேயே ஆபீசுக்குப் போய், "அத்த வூட்டுக்குத்தான் சார் போறீங்க? குந்துங்க, நம்ம வண்டி கீது" என்று அந்த அதிகாரியைத் தன் ஆட்டோவிலேயே அழைத்துவந்தார். மீட்டரே போடவில்லை.

அதிகாரி கேசரி சாப்பிட்டார். ஃபேன் காற்றில் அவர் கையிலிருந்த காகிதம் படபடத்தது. "ஏம்மா, உங்களுக்கு ஒத்தாசைக்கு யார் இருக்காங்க?" என்று கேட்டார். அத்தை வாயைத் திறப்பதற்குள் வாசலில் நின்ற நாலு குடும்பமும் முந்திக்கொண்டது. நாங்க இருக்கோம் சார். தண்ணி நாங்க அடிச்சுக் குடுப்போம் சார். மத்தியானக் குழம்பு எங்காத்துலேர்ந்துதான். உடம்புக்கு முடியலன்னா ஆட்டோ கீது சார். நான் மட்டும் சளைத்தவளா? "ஊசி நான்தான் சார் கோத்துக் குடுப்பேன்" என்றேன். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். அத்தை தலையைக் குனிந்து வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் மிச்சக் கேசரியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டு, காரியம் பழம் என்று கொண்டாடினோம். படித்த மனிதரான அப்பாவுக்குக்கூட உறைக்கவில்லை.

பழுப்பு உறையில் பதில் வந்தது. அப்பா முற்றத்தில் நின்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் குரலைத் தாழ்த்தினார். மனுதாரர் மின்விசிறி வசதியுள்ள வீட்டில், தங்கச் சங்கிலி அணிந்து, அண்டை அயலாரின் முழு ஆதரவுடன் வசித்து வருவது நேரடி விசாரணையில் தெரிய வருவதால் மனு நிராகரிக்கப்படுகிறது. கீழே கையொப்பம், முத்திரை.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டோ மாமா, "கேசரிய துன்னுட்டு இன்னா வேல பண்ணிகீறான் பார்" என்று கத்தினார். யாரும் அத்தையைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவள் அழவில்லை. மறுநாள் நான் போனபோது கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"கண்ணு, அந்த முழு ஆதரவுன்னு வருதே, அத இன்னொரு வாட்டி படி."

படித்தேன். "சர்க்கார் முத்திரை வச்சா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த வாரத்தில் ஐந்தாறு தடவை படித்திருப்பேன். பாவம், மனசு உடைந்து அந்தக் காகிதத்தையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அது இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

ஆனால் வாடகை நாள் வந்துகொண்டிருந்தது. பங்களாக்காரர்கள் ஒன்றாம் தேதி வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்கள். அப்பா அரை நாள் லீவு போட்டுத் தாலுகா ஆபீசில் போய் விசாரித்தார். அங்கே ஒரு கிளார்க் வழி சொன்னார். மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இந்த அம்மாவுக்கும் தங்களுக்கும் எந்த உறவும் இல்லை, எந்த உதவியும் செய்வதில்லை என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு தாசில்தார் கூப்பிட்டு விசாரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் கூட்டம். அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம். அப்பா நாலு வெள்ளைத் தாளில் நாலு கடிதம் எழுதி வைத்திருந்தார். மாமி தன் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். "தினம் ஏதாவது குடுத்துண்டுதானே இருக்கேன். ஒண்ணுமே செய்யறதில்லேன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது? எப்பவாவதுன்னு ஒரு வார்த்தை சேர்க்கப்படாதா?" சேர்க்கக்கூடாது என்றார் அப்பா. மாமி பகவானைக் கூப்பிட்டுக்கொண்டே போட்டாள்.

அண்ணாச்சி பேனாவை வாங்கிக்கொண்டு யோசித்தார். "ஒண்ணுஞ் செய்யலன்னு எளுதியிருக்கியளே, இனிமே செஞ்சா தப்பாவுமா?" அதெல்லாம் இல்லை என்ற பிறகு போட்டார்.

ஆட்டோ மாமாதான் மறுத்தார். "இன்னா சார் நீ. எங்க வூட்டுல டைபாய்டுல கெடந்தப்போ ஆஸ்பத்திரில மூணு நாளு கண்ணு முழிச்சிக்கினு இருந்தது யாரு? அந்த அத்தைய யாருன்னே தெரியாதுன்னு நான் எய்தித் தரணுமா? அதுக்கு என் கைய வெட்டிக்கோ."

அப்பா அதட்டவில்லை. "போட்டா அத்தை இங்கயே இருக்கும். போடலன்னா ஒண்ணாந்தேதிலேர்ந்து யார் வீட்டுலயோ பாத்திரம் தேய்க்கும். நீயே சொல்லுப்பா" என்றார். மாமா வாசல் வரை போனார். பிறகு வந்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல் போட்டார். கடைசியாக அப்பா தன் தாளில் கையெழுத்திட்டார். அக்கா என்று பதினைந்து வருஷமாகக் கூப்பிட்டவர். பேனாவை மூடி மாட்டியது போதாதென்று இரண்டு மூன்று தடவை அழுத்திக்கொண்டே இருந்தார்.

எந்த உதவியும் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்த அன்று ராத்திரி, அத்தை அறைக்கு நாலு வீட்டுக் குழம்பும் போனது. அடுத்த பத்து நாளும் அப்படித்தான். வடை, அடை, அண்ணாச்சி கடையிலிருந்து அடி கனமான ஒரு புது வாணலி. "என்னடி விசேஷம்? ஆளாளுக்குக் கவனிக்கறீங்க?" என்று அத்தை என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. கடிதங்களைப் பற்றி அத்தைக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் வருத்தப்படுவாள் என்பது பெரியவர்கள் முடிவு. தாசில்தார் அவற்றை அவள் காதுபடவே படிப்பார் என்பது ஒரு பெரியவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

விசாரணைக்கு யார் அத்தையோடு போவது என்பது அடுத்த சிக்கல். பெரிய ஆள் துணைக்குப் போனால் ஆதரவு இருக்கிறது என்று ஆகிவிடும். தனியாகப் போனால் அவளுக்குப் பஸ் நம்பர் தெரியாது, போர்டு தெரியாது. கடைசியில் என்னை அனுப்பினார்கள். அப்பா வாசலில் நிறுத்தி இரண்டு முறை பாடம் சொன்னார். அத்தைன்னு கூப்பிடாதே. கையப் புடிச்சிக்காதே. போகும்போதும் வரும்போதும் தள்ளியே இரு, ஆபீஸ்காரங்க யாராவது பார்ப்பாங்க. கேட்டா பக்கத்து போர்ஷன், அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். அத்தை அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, வெளுத்துப்போன நூல் புடவையில் நின்றுகொண்டிருந்தாள்.

தாசில்தார் அறையில் பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியது. பேப்பர் கட்டுகளின் வாசனை. அவர் நரைத்த மீசைக்காரர். முதல் கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தார். மேற்படி அம்மையாருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை. அது மாமியுடையது. அடுத்தது அண்ணாச்சி. அத்தை புரியாமல் என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். மூன்றாவதில், இவர் யாரென்றே எனக்குத் தெரியாது என்று ஆட்டோ மாமா பெயர் வந்தபோது அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது அப்பா. அதையும் முழுதாகப் படித்தார்.

"நாலு பேருக்கும் கையெழுத்து ரொம்ப அழகா இருக்கே. ஒரே மாதிரி" என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீ யாரு? இந்தம்மா உனக்கு என்ன வேணும்?"

"யாரும் இல்ல சார். பக்கத்து போர்ஷன்."

"உங்க வீட்டுல இவங்களுக்கு ஏதாவது குடுப்பீங்களா?"

"இல்ல சார்."

"ஒரு வாய் காப்பி?"

"இல்ல சார்."

தடுமாறாமல் சொன்னேன். வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத்தான் சொன்னேன்.

தாசில்தார் அத்தையிடம் திரும்பினார். "ஏம்மா, உங்க வாயால சொல்லுங்க. உங்களுக்குன்னு ஒருத்தர்கூட இல்லையா?"

அவள் சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்தேன். தாசில்தார் அவசரப்படுத்தவில்லை. அவருக்கு எல்லாமே புரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கும் எழுதிக்கொள்ள ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

"இல்லீங்க" என்றாள் அத்தை. பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் எழுதினார். "உத்தரவு வீட்டுக்கு வரும்மா. போய்ட்டு வாங்க" என்றார்.

உத்தரவு வந்தது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் மணியார்டர் வந்தது. அத்தை எந்தப் பங்களாவுக்கும் போகவில்லை. கடைசி வரை அந்தச் சுவரோரத்து அறையில்தான் இருந்தாள், நாலு வீட்டுக் குழம்பும் போய்க்கொண்டுதான் இருந்தது. அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு ஆபீஸ் படியிறங்கும்போது எங்களுக்கு ஒன்றும் சந்தோஷமாக இல்லை.

அவள் முன்னால் நடந்தாள். நான் அப்பா சொன்னபடி பத்தடி தள்ளிப் பின்னால் போனேன். பேசலாமா கூடாதா என்று தெரியவில்லை. நான் சொன்னதற்காக அவளுக்கு என் மேல் கோபமா, அவளைப் பார்க்கவே எனக்கு வெட்கமா என்றும் புரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் அவள் நிழலில் நின்றாள். நான் வெயிலில் நின்றேன். பஸ் வந்தது. ஆண்கள் பக்கம் நல்ல கூட்டம். பெண்கள் பக்கத்தில் அத்தைக்கு ஒரு சீட் கிடைத்தது, பக்கத்தில் இன்னொன்று காலியாகவே இருந்தது. நான் அதில் உட்காராமல் மூன்று சீட் தள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆபீஸ்காரர்கள் யாராவது ஏறியிருப்பார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். என் தலையில் டிக்கெட் கட்டால் தட்டினார். "பாப்பா, யார் கூட வந்த நீ?"

யாரும் இல்லை என்று சொன்னால் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார். அத்தை என்று சொல்லக்கூடாது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கண்டக்டர் சலித்துக்கொண்டு பொதுவாகக் குரல் கொடுத்தார். "யார்மா இந்தப் பாப்பா? யாரோடது? டிக்கெட்டு யார் எடுக்கறது?"

"என்னோடதுதான்" என்றாள் அத்தை. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "என் தம்பி பொண்ணு. ஒரு முழு, ஒரு அரை குடுங்க."

நான் கம்பியை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.